இயந்திரத்தின் மரண வாக்குமூலம்

(தில்லையடியில் கூடிய எமது சங்கக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



கணினிக் கல்வி பயில்கின்ற காரணத்தால், அத்துறையிலே ஏதாவதொரு விஷயத்தைப் பற்றிப் பேசும்படி சங்கத்தார் எம்மைப் பணித்தனர். கணினியினால் உலகம் அடைந்துள்ள நன்மைகளை எடுத்துரைப்பார் பலர் உளர். அவற்றை நாமும் ஒருமுறை சொல்லி உங்கள் பொழுதைப் போக்க விரும்பவில்லை. கணினி நன்றாக ஓடும்போது அதனிடம் நாம் கற்பது குறைவு. அது விழுகின்ற வேளையிலேதான் கற்கவேண்டியது நிறைய இருக்கின்றது. ஆகவே, இயந்திரத்தின் உள்ளத்திலே தீராத பிழை ஒன்று நேர்ந்தால் அது என்ன செய்கின்றது, என்ன சொல்லிவிட்டு விழுகின்றது, அந்தச் சொல்லை நாம் எவ்வாறு காப்பாற்றுவது என்பதையே இன்று எடுத்துக்கொண்டோம்.

கொலையுண்டவன் உயிர் பிரியுமுன் சொல்லும் வார்த்தைக்கு நீதிமன்றத்திலே தனி மதிப்பு உண்டு. மரண வாக்குமூலம் என்று அதனைச் சொல்வார்கள். கணினியும் அத்தகைய வாக்குமூலம் ஒன்றைக் கொடுத்துவிட்டே வீழ்கின்றது. அதனைக் கேட்பதற்கு ஆள் இருக்கவேண்டும் என்பதே எமது பேச்சின் சாரம்.

கேர்னல் என்பது யாது?

கணினியை நடத்துகின்ற மூல மென்பொருளைப் பணிசெயல் முறைமை என்று எமது பாடசாலைப் புத்தகங்கள் கூறுகின்றன. விண்டோஸ், லினக்ஸ் என்பன அவ்வகையைச் சேர்ந்தவை. அந்த முறைமையின் உள்ளீடாக இருக்கும் பகுதிக்குக் கேர்னல் என்று பெயர். ஆங்கிலத்திலே இச்சொல் கொட்டைக்குள் இருக்கும் பருப்பைக் குறிக்கும். தென்னை செழிக்கும் புத்தளம் மாவட்டத்தாருக்கு இதை விளக்குவது எளிது. மட்டையை உரித்துச் சிரட்டையை உடைத்தால் உள்ளே இருப்பது எதுவோ, அதுவே கணினிக்குள்ளே கேர்னல். நாம் கண்ணாற் காணும் படங்களும் பொத்தான்களும் வெறும் மட்டையும் சிரட்டையுமே.

இந்தக் கேர்னலின் வேலை யாது? நினைவகத்தைப் பல மென்பொருள்களுக்கும் பங்கிட்டுக் கொடுப்பது, முறைவழியாக்கியிலே எது எப்போது ஓடவேண்டும் என்று முறைவைப்பது, வன்தட்டிலே எழுதுவது, வலையமைப்பிலே செய்தி அனுப்புவது ஆகிய யாவும் அதன் பொறுப்பு. முறைவழியாக்கியிலேயே இரண்டு நிலைகள் அமைக்கப்பட்டிருக்கின்றன. சாதாரண மென்பொருள் ஓடுகின்ற நிலையிலே பல காரியங்களுக்குத் தடை உண்டு. கேர்னல் ஓடுகின்ற நிலையிலே தடை கிடையாது. கோயிலுக்குள்ளே மண்டபம் வரையில் எல்லாரும் செல்லலாம். மூலஸ்தானத்துக்குள்ளே செல்லும் உரிமை சிலருக்கே உண்டு அன்றோ? அது போன்றதே இதுவும்.

லினக்ஸ் கேர்னலை 1991ஆம் ஆண்டிலே எழுதத் தொடங்கியவர் லினஸ் ரோவால்ட்ஸ். அப்போது அவர் பின்லாந்து தேசத்தின் ஹெல்சிங்கி சர்வகலாசாலையிலே பயின்ற 21 வயது மாணவர். இன்று இச்சபையிலே ஆண்ட்ராய்டு கைப்பேசி வைத்திருக்கும் ஒவ்வொருவர் சட்டைப்பையிலும் அவர் தொடங்கிய கேர்னல் ஓடிக்கொண்டிருக்கின்றது. வாலிப நண்பர்கள் இதனை மனத்திலே குறித்துக்கொள்ளல் நன்று.

சாதாரண மென்பொருள் ஒன்று பிழை செய்தால் ஆபத்தில்லை. தனக்கு உரிமையில்லாத நினைவகத்தை அது தொட முயன்றால், முறைவழியாக்கி உடனே கேர்னலிடம் முறையிடும். கேர்னல் அந்த மென்பொருளை மட்டும் நிறுத்திவிடும். மற்றவை யாவும் தம் பாட்டில் நடக்கும். ஆனால் கேர்னலே பிழை செய்தால்? அதனைத் தடுப்பதற்கு மேலே ஓர் அதிகாரி இல்லை. வேலியே பயிரை மேயும் நிலை அதுதான். அவ்வேளையில் கேர்னல் தனக்குத் தானே நீதிபதியாகித் தீர்ப்பளிக்க வேண்டியிருக்கின்றது.

நிற்பதா, நடப்பதா?

அந்தத் தீர்ப்பு இரண்டு வகைப்படும். ஒன்று, முற்றாக நின்றுவிடுவது. இதற்குப் பானிக் என்று பெயர். மற்றது, பிழை செய்த வேலையை மட்டும் வெட்டி எறிந்துவிட்டு, தள்ளாடியேனும் மேலே நடப்பது. லினக்ஸ்காரர் இதனை வேடிக்கையாக ஊப்ஸ் என்பார்கள். கால் இடறியவன் வாயில் வருகின்ற ஒலி அது.

பானிக் என்ற பெயருக்கு ஒரு பழைய கதை உண்டு. 1960களிலே அமெரிக்காவில் மல்ரிக்ஸ் என்ற பெரிய முறைமையை உருவாக்கினார்கள். அதில் உழைத்த ரொம் வான் விளெக் என்பவர், தாம் எழுதும் கட்டளைகளிலே பாதிக்குப் பாதி பிழை நேர்ந்தால் மீளுவதற்கானவையே என்று, யூனிக்ஸ் முறைமையை ஆக்கியவர்களில் ஒருவரான டெனிஸ் ரிச்சியிடம் ஒருமுறை சொன்னாராம். அதற்கு ரிச்சி, தாங்கள் அவற்றையெல்லாம் விட்டுவிட்டதாகவும், பிழை வந்தால் பானிக் என்ற ஒரு கட்டளை இயந்திரத்தை நிறுத்திவிடும் என்றும், பிறகு நடைபாதையிலே நின்று "மறுபடி இயக்குங்கள்" என்று கூவவேண்டியதுதான் என்றும் விடை கூறினாராம். ஓர் அறைக்குள்ளே நாலைந்து பேர் கூடி ஒரு கணினியைப் பயன்படுத்திய காலத்துக்கு அவ்விடை பொருந்தியது. கூவினால் கேட்கும் தூரத்திலே இயந்திரம் இல்லாத இக்காலத்துக்கு அது போதுமா என்பதே கேள்வி.

நிற்பது கோழைத்தனம் என்று சிலர் எண்ணக்கூடும். அஃது அவ்வாறன்று. லினக்ஸ் கேர்னல் பானிக் ஆகும்போது திரையிலே, "கேர்னல் பானிக் – நொட் சிங்கிங்" என்று தொடங்கும் ஒரு வரி வரும். இதன் பொருள் யாதெனில், "நான் கலங்கிவிட்டேன், நினைவகத்திலே நிலுவையாக உள்ள எழுத்துக்களை வன்தட்டிலே பதிக்கமாட்டேன்" என்பதாகும். வேகம் கருதி, வன்தட்டிலே எழுதவேண்டியவற்றைக் கேர்னல் முதலில் நினைவகத்திலே சேர்த்துவைத்துப் பின்னரே எழுதும். நிற்கப்போகும் வேளையில் அவற்றை அவசரமாக எழுதிவிட்டு நிற்கலாமே என்று நமக்குத் தோன்றும். ஆனால் தன் புத்தி கலங்கியிருப்பதை அறிந்தவன் அந்தக் கையால் வீட்டு உறுதியில் எழுத முற்படலாமா? கடைசி ஐந்து நிமிட வேலை அழிந்தாலும், ஐந்து ஆண்டுச் சேமிப்பு கெடாமல் இருக்கட்டும் என்று எழுதுகோலைக் கீழே வைப்பதே விவேகம். இதில் கோழைத்தனம் எங்கே?

எமது களப்புக்கு அப்பால் நுரைச்சோலையிலே நிற்கும் அனல்மின் நிலையத்தை உதாரணமாகக் கொள்வோம். 300 மெகாவாற் வீதம் மூன்று இயந்திரங்கள், மொத்தம் 900 மெகாவாற். 2025ஆம் ஆண்டு பெப்ரவரி 9ஆம் திகதி, ஞாயிற்றுக்கிழமை முற்பகலில், பாணந்துறை உபமின் நிலையத்திலே நேர்ந்த கோளாறினால் நாடு முழுவதும் மின்சாரம் நின்றது. குரங்கு ஒன்று மின்மாற்றியைத் தொட்டதே காரணம் என்று அமைச்சர் கூறினார். அதை வைத்து ஊரெல்லாம் நகைத்தது. நகைப்பிலே நாம் மறந்தது ஒன்றுண்டு. அன்று நுரைச்சோலையின் மூன்று இயந்திரங்களும் நின்றன. மின்வலையிலே சமநிலை குலையும்போது தம்மைக் காத்துக்கொள்ள விலகி நிற்கும்படியே அவை அமைக்கப்பட்டவை. அவை மீண்டும் முழுமையாக இயங்கச் சில நாட்கள் சென்றன. அதனால் அடுத்த நாட்களிலே மின்வெட்டும் வந்தது. சில நாள் இருள் பெரிய தொல்லையே. இயந்திரம் நிற்காமல் ஓடி வெந்து போயிருந்தால் எத்தனை மாத இருள் என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

இனி, மறு பக்கத்து நியாயத்தையும் கேட்போம். அற்பப் பிழைக்கெல்லாம் கேர்னல் நின்றுவிடக் கூடாது என்று பல ஆண்டுகளாக வாதிட்டு வருபவர் லினஸ் ரோவால்ட்ஸ் அவர்களே. அவர் கட்சி இது: ஒரு சிறு சாதன இயக்கியிலே ஏதோ எதிர்பாராதது நேர்ந்ததற்காக முழு இயந்திரத்தையும் நிறுத்தினால், திரை உறைந்துவிடும், பிழையைப் பற்றிய குறிப்பு வன்தட்டை எட்டாது, பயனாளருக்கு என்ன நடந்தது என்றே தெரியாது, ஆகவே முறைப்பாடும் வராது, பிழையும் தீராது. எச்சரிக்கை ஒன்றை எழுதிவைத்துவிட்டு நடந்தால், குறிப்பாவது தப்பும். இக்காரணத்தினாலே, நிறுத்தும் கட்டளையைப் புதிதாகச் சேர்க்கவேண்டாம், எச்சரிக்கும் கட்டளையையே கையாளுங்கள் என்று லினக்ஸ் ஏடுகள் இன்று எழுதுவோருக்குப் போதிக்கின்றன.

அப்படியானால் வங்கியின் கணக்கைக் காக்கும் கணினி கலங்கிய நிலையில் மேலே நடக்கலாமா? கூடாது. அத்தகைய இடத்தார் ஊப்ஸ் வந்தாலே நின்றுவிடும்படியும், வேண்டுமானால் எச்சரிக்கை வந்தாலே நின்றுவிடும்படியும் தம் கேர்னலுக்குக் கட்டளையிடலாம். நின்ற பின் இத்தனை வினாடியில் தானே மறுபடி இயங்கு என்றும் சொல்லி வைக்கலாம். வீட்டுக் கணினிக்கு ஒரு நீதி, வங்கிக்கு ஒரு நீதி. இடமறிந்து தீர்மானிப்பது மனிதர் கடமை. எமது கருத்தோ இது: நிற்பதும் நடப்பதும் இடத்தைப் பொறுத்தது, நடந்ததைச் சொல்லாமல் விடுவது மட்டும் எவ்விடத்திலும் ஆகாது.

உலகம் நின்ற ஒரு காலைப்பொழுது

2024ஆம் ஆண்டு யூலை 19ஆம் திகதி நிகழ்ந்ததைப் பலரும் பத்திரிகையில் வாசித்திருப்பீர்கள். கிரவுட்ஸ்ட்ரைக் என்பது கணினிகளைத் திருடர்களிடமிருந்து காக்கும் மென்பொருளை விற்கின்ற ஓர் அமெரிக்க நிறுவனம். காவல் செய்வதற்காக அம்மென்பொருள் விண்டோஸ் கேர்னலுக்குள்ளேயே ஓர் இயக்கியாக அமர்ந்திருக்கின்றது. அன்று இலங்கை நேரம் காலை 9 மணி 39 நிமிடத்துக்கு, புதிய திருட்டு வகைகளைக் கண்டறிவதற்கான ஒரு சிறு கோப்பை உலகமெங்கும் ஒரே வேளையில் அந்நிறுவனம் அனுப்பியது. அந்தக் கோப்பு 21 புலங்களை எதிர்பார்க்கும் வகையைச் சேர்ந்தது. இயக்கியோ 20 புலங்களை மட்டுமே கொடுத்தது. இருபத்தோராவதைத் தேடிய இயக்கி, தனக்குரிய எல்லைக்கு அப்பால் நினைவகத்தைப் படித்தது. கேர்னலுக்குள்ளே நடந்த பிழையாதலால் விண்டோஸ் நின்றது. உலகமெங்கும் நீலத்திரை தோன்றியது.

நிறுவனத்தார் 78 நிமிடங்களில், அதாவது எமது நேரம் 10 மணி 57 நிமிடத்துக்கு, கோப்பைத் திருத்திவிட்டார்கள். ஆயினும் என்ன பயன்? விழுந்த கணினி மறுபடி எழும்போதே அந்த இயக்கியும் எழும், பழைய கோப்பைப் படிக்கும், மறுபடி விழும். திருத்திய கோப்பைப் பெறுமளவுக்கு அது எழுந்து நின்றால்தானே? ஆகவே பெரும்பாலான இடங்களிலே மனிதர் ஒவ்வொரு கணினியிடமும் நேரில் சென்று, பாதுகாப்பு நிலையிலே அதனை எழுப்பி, அந்த ஒரு கோப்பைக் கையால் அழிக்க வேண்டியதாயிற்று. வன்தட்டைப் பூட்டி வைத்திருந்தவர்கள் முதலில் பூட்டின் சாவி எண்களைத் தேடி அலைந்தார்கள். விழுந்த கணினிகள் ஏறக்குறைய 85 இலட்சம் என்று மைக்ரோசொப்ட் நிறுவனம் கணித்தது. விமானங்கள் நின்றன, வைத்தியசாலைகள் தவித்தன. இந்திய விமான நிலையங்களிலே பிரயாணிகளுக்குப் பேனாவினால் எழுதிய அனுமதிச் சீட்டுக்களைக் கொடுத்தார்கள்.

இங்கே குற்றவாளி யார்? நின்றுபோன கேர்னலா? இல்லை. எல்லை மீறிய வாசிப்பைக் கண்டதும் நின்றது அதன் தருமம். மூலஸ்தானத்துக்குள்ளே செல்லும் ஒன்றை நன்கு சோதியாமல் அனுப்பியதும், சிலருக்கு முதலில் கொடுத்துப் பார்க்காமல் எல்லாருக்கும் ஒரே கணத்தில் கொடுத்ததுமே குற்றம். அனுப்புமுன் சோதிக்கின்ற மென்பொருளிலும் ஒரு வழு இருந்தது பின்னர் தெரியவந்தது. நாம் கற்ற மிஷன் பாடசாலையிலே, மணலின் மேல் வீடு கட்டியவனின் கதையைச் சொல்லித் தருவார்கள். மழை பெய்யும் வரையில் மணல் வீடும் கல் வீடும் ஒன்று போலவே நிற்கும். கடற்கரை மணலில் வாழும் நமக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டுமா?

ஆனால் அந்நிகழ்ச்சியிலே நன்மையும் ஒன்று உண்டு. விழுந்த கணினிகள் விட்டுச்சென்ற நினைவகப் பதிவுகளை ஆராய்ந்து, எந்த இயக்கி, எவ்விடத்திலே, எவ்வகையான பிழை செய்தது என்பதை மைக்ரோசொப்ட் பொறியியலாளர் சில நாட்களுக்குள்ளே உலகறிய வெளியிட்டனர். ஓகஸ்ட் 6ஆம் திகதி கிரவுட்ஸ்ட்ரைக் நிறுவனமும் மூலகாரண அறிக்கையைப் பிரசுரித்தது. 20, 21 என்ற கணக்கு நமக்குத் தெரிவது அதனாலேதான். இனிமேல் படிப்படியாகவே அனுப்புவோம் என்றும் அவர்கள் உறுதி கூறினர். வாக்குமூலம் கிடைத்தது, வழக்குத் தெளிந்தது.

வாக்குமூலத்தைப் படிப்பது எப்படி?

லினக்ஸ் கேர்னல் விழும்போது திரையிலே எழுதுவதைப் பார்த்தால் சாதாரண மனிதருக்குத் தலை சுற்றும். ஆனால் அதற்கும் ஓர் ஒழுங்கு உண்டு. முதல் வரி, என்ன நடந்தது என்பதைச் சொல்லும். பூச்சிய முகவரியைத் தொட்டேன் என்பது போல. அடுத்து, எந்த முறைவழியாக்கி, எந்த மென்பொருளுக்காக வேலை செய்துகொண்டிருந்தது, கேர்னலின் பதிப்பு எது என்பன வரும். அதன் பின் பதிவகங்களிலே அவ்வேளை இருந்த எண்கள். கடைசியாக, அழைப்புத் தொடர்: இந்தக் கட்டளைத் தொகுதியை அழைத்தது எது, அதனை அழைத்தது எது என்று பின்னோக்கிச் செல்லும் வரிசை. பிடிபட்டவனிடம் "உன்னை அனுப்பியது யார்? அவனை அனுப்பியது யார்?" என்று பொலிசார் கேட்டுக்கொண்டே போவது போன்றது இது.

இன்னொரு குறிப்பும் அங்கே உண்டு. மூல நிரல் வெளியிடப்படாத வேற்றார் இயக்கி எதுவும் கேர்னலுக்குள் புகுந்திருந்தால், "கறை பட்டது" என்று ஓர் எழுத்தினால் கேர்னல் அதனைத் தானே தெரிவித்துவிடும். தன் வீட்டுக்குள்ளே தனக்குத் தெரியாத ஆள் இருந்தார் என்பதை வாக்குமூலத்திலேயே சொல்லிவிடுகிறது. இந்த நேர்மை மனிதரிடத்திலும் இருந்தால் எத்துணை நன்று!

ஆனால் திரையிலே எழுதியது எவ்வளவு நேரம் நிற்கும்? பூட்டிய அறைக்குள்ளே, திரையே இல்லாமல் ஓடும் ஆயிரம் கணினிகளின் சொல்லை யார் படிப்பார்? நினைவகம் முழுவதையும் அப்படியே பிரதியெடுத்து வைத்தால், பின்னர் ஆறுதலாக ஆராயலாம். அப்படிப் பிரதியெடுக்கப் பழைய முறைகள் சில இருந்தன. அவற்றிலே ஒரு பெரிய குறை. விழுந்துகொண்டிருக்கும் கேர்னலே, தன் கெட்டுப்போன இயக்கிகளைக் கொண்டு, தன் பிரதியைத் தானே எழுதவேண்டும். நோயாளியே தன் பிரேத பரிசோதனையைச் செய்வதை ஒக்கும் இது. பல வேளைகளிலே பிரதியும் கெட்டது.

இக்குறையைத் தீர்த்ததில் எமது அயலகத்தாருக்கும் பங்குண்டு என்பதை மகிழ்ச்சியோடு சொல்லுகிறோம். பெங்களூரிலுள்ள ஐ.பி.எம். லினக்ஸ் தொழில்நுட்ப நிலையத்திலே உழைத்த விவேக் கோயல், ஹரிபிரசாத் நெல்லிதீர்த்தா ஆகியோர், அமெரிக்கராகிய எரிக் பீடர்மனோடு சேர்ந்து, 2005ஆம் ஆண்டில் கனடாவின் ஒட்டாவா நகரிலே நடந்த லினக்ஸ் மாநாட்டில் கேடம்ப் என்ற முறையை விளக்கிக் கட்டுரை படித்தனர். அவ்வாண்டு ஓகஸ்ட் மாதத்திலே வெளிவந்த லினக்ஸ் 2.6.13 பதிப்பிலே அது சேர்ந்தது.

அதன் யுக்தி மிகவும் எளியது. கணினி நலமாக எழும்பும்போதே நினைவகத்தில் ஒரு சிறு துண்டை ஒதுக்கிவிடுகிறார்கள். தொடக்க காலத்திலே 64 மெகாபைற் அளவை உதாரணமாகக் காட்டினார்கள். அந்தத் துண்டை முதற் கேர்னல் ஒருபோதும் தொடாது. அதற்குள்ளே இரண்டாவது கேர்னல் ஒன்றை ஏற்றி உறங்க வைக்கிறார்கள். முதற் கேர்னல் பானிக் ஆனதும், தான் எதையும் எழுத முயலாமல், நேரே அந்த இரண்டாவது கேர்னலுக்குள் பாய்கின்றது. வழக்கம்போல் இயந்திரத்தை முதலிலிருந்து எழுப்பினால் நினைவகத்தில் உள்ளது அழிந்துபோகும். ஆகவே அந்தப் படிகளையெல்லாம் தாண்டிப் பாய்வதற்கு, பீடர்மன் ஆக்கிய கேஎக்ஸெக் என்ற வழி உதவுகின்றது. புதிய கேர்னல் தெளிந்த புத்தியோடு, தன் சொந்த இயக்கிகளோடு எழும்புகிறது. இறந்த கேர்னலின் நினைவகம் முழுவதும் ஒரு கோப்பைப் போல அதற்கு முன்னே கிடக்கின்றது. அதனை வன்தட்டிலோ வலையமைப்பின் வழியே வேறொரு கணினியிலோ பிரதியெடுத்துப் பத்திரப்படுத்திவிட்டு, இயந்திரத்தை வழமைபோல் மறுபடி இயக்குகின்றது.

இதிலே அவர்கள் கவனித்த ஒரு நுட்பத்தைச் சொல்லவேண்டும். கேர்னல் இறந்தாலும், வன்தட்டும் வலையமைப்பு அட்டையும் அதை அறியாமல், முன்னர் பெற்ற கட்டளைப்படி நினைவகத்திலே எழுதிக்கொண்டிருக்கக்கூடும். எசமான் இறந்த செய்தி எட்டாத வேலையாள் சொன்ன வேலையைச் செய்துகொண்டிருப்பது போல. புதிய கேர்னல் பழைய இடத்திலே குடியேறினால் அந்த எழுத்து அதன் தலைமேல் விழும். ஒதுக்கி வைத்த இடத்துக்கு அப்படியொரு கட்டளை ஒருபோதும் போனதில்லையாதலால், அங்கே அது பத்திரமாக இருக்கின்றது. முன்னேற்பாடு என்பது இதுவே. வெள்ளம் வந்தபின் தோணி கட்டப் புறப்படுபவன் அறிவாளி ஆகான்.

ஆகாய விமானங்களுக்கு, விபத்திலும் அழியாத பதிவுப் பெட்டி வேண்டும் என்று 1950களிலே அவுஸ்திரேலிய விஞ்ஞானி டேவிட் வாரன் முயன்றதும் இதே எண்ணத்தினாலேதான். விழுந்த விமானத்தை அப்பெட்டி தூக்கி நிறுத்தாது; அடுத்த விமானம் விழாமற் காக்கும். கைப்பேசி போன்ற சிறு சாதனங்களிலும், கடைசிக் குறிப்பை நினைவகத்தின் ஒரு மூலையிலே விட்டுவைத்து, மறுபடி எழும்பியதும் எடுத்துப் படிக்கும் வழி உண்டு. 2024ஆம் ஆண்டு இறுதியில் வந்த லினக்ஸ் 6.12 பதிப்பு முதல், பானிக் செய்தியைச் சதுரப் புள்ளிக் குறியீடாகத் திரையிலே காட்டவும் இயலும்; கைப்பேசியினால் படம் பிடித்தால் போதும், செய்தி கைக்கு வந்துவிடும்.

நம் கடமை யாது?

வாக்குமூலம் எழுதப்பட்டாலும், அதனை உரியவரிடம் கொண்டு சேர்ப்பவர் இல்லாவிடின் பயனில்லை. திரை நீலமானவுடன் பொத்தானை அமுக்கி மறுபடி இயக்கிவிட்டு, "சரியாகிவிட்டது" என்று போய்விடுவது நம்மவர் வழக்கம். சரியாகவில்லை, சாட்சியம் அழிந்தது, அவ்வளவே. அலுவலகத்திலே கணினி அடிக்கடி விழுகின்றது என்று மேலதிகாரிக்குச் சொன்னால் தம்மைக் குறை கூறுவாரோ என்று அஞ்சி மறைப்பவரும் உளர். மறைத்த பிழை, மறைத்த நோயைப் போலவே வளரும்.

ஆகவே வாலிப நண்பர்களுக்குச் சில வார்த்தைகள். விழுந்த கணினியைத் தொடுமுன் திரையைப் படம் எடுங்கள். ஒரு வரியை மட்டும் வெட்டி எடுக்காமல் முழுக் குறிப்பையும் சேமியுங்கள். பல பிழைகள் தொடர்ந்து வந்திருந்தால் முதலாவதையே முக்கியமாகக் கொள்ளுங்கள். பின் வந்தவை பெரும்பாலும் அதன் பிள்ளைகளே. என்ன பதிப்பு, அவ்வேளை என்ன செய்தோம், மறுபடி செய்தால் மறுபடி நேருகிறதா என்பவற்றை எழுதுங்கள். கறை படிந்த கேர்னலானால், வேற்றார் இயக்கியை நீக்கிவிட்டு மீண்டும் பாருங்கள். இவற்றோடு வரும் முறைப்பாட்டைத் தேர்ந்த பொறியியலாளர் மதித்துப் படிப்பர். "கணினி வேலை செய்யவில்லை" என்ற ஒற்றை வரியை வைத்துக்கொண்டு அவர் என் செய்வார்?

இன்னொரு எச்சரிக்கை. நினைவகத்தின் முழுப் பிரதியிலே, அவ்வேளை கணினியிலிருந்த கடவுச்சொற்களும் கடிதங்களும் அந்தரங்கங்களும் இருக்கக்கூடும். வேண்டாத பக்கங்களை நீக்கிச் சுருக்கித் தரும் கருவி கேடம்ப் முறையோடு உண்டு. ஆனாலும் அப்பிரதியைக் கண்டவர் கையில் கொடுத்துவிடலாகாது. மரண வாக்குமூலத்தைச் சந்தியிலே நின்று வாசிப்பவர் இல்லை அன்றோ?

கற்க விரும்புவோர் கணினிக்குள்ளே மெய்நிகர்க் கணினி ஒன்றை அமைத்து, அதிலே லினக்ஸை நிறுவி, தாமே அதனைப் பானிக் ஆக்கிப் பார்க்கலாம். அதற்கென்றே கேர்னலில் ஒரு கட்டளை இருக்கின்றது. மெய்யான கணினிக்கு ஒரு கேடும் வராது. பெரும் பணமும் வேண்டியதில்லை. மூல நிரல் முழுவதும் இலவசமாகவே கிடைக்கின்றது. தில்லையடியிலிருந்து அனுப்பும் முறைப்பாட்டையும், செம்மையாக எழுதப்பட்டிருந்தால், ஹெல்சிங்கியிலிருந்தோ பெங்களூரிலிருந்தோ வரும் முறைப்பாட்டைப் போலவே எடுத்துக்கொள்வார்கள். ஊரின் பெயரைக் கேட்பதற்கு முன் அழைப்புத் தொடரைக் கேட்பவர்கள் அவர்கள்.

பெரியோர்களுக்கும் ஒரு விண்ணப்பம். பிள்ளைகள் பிழை நேர்ந்ததென்று வந்து சொல்லும்போது, முதலில் அவர்களை ஏசாதீர்கள். என்ன நடந்தது, அதற்கு முன் என்ன நடந்தது என்று வரிசையாகக் கேளுங்கள். சொன்னதற்காக அடி வாங்கியவன் அடுத்த முறை சொல்லமாட்டான். சொல்லாத வீட்டிலும், சொல்லாத சங்கத்திலும், சொல்லாத அலுவலகத்திலும் பிழை ஒன்றும் இல்லை போலத் தோன்றும்; ஒருநாள் யாவும் சேர்ந்து விழும்.

பிழையே செய்யாத இயந்திரத்தை எவரும் இதுவரை ஆக்கவில்லை. தான் கலங்கியதை அறிந்து நிற்கவும், நின்ற காரணத்தை உள்ளபடி சொல்லவும், அச்சொல்லைக் காப்பதற்கு முன்னமே ஓர் இடம் ஒதுக்கி வைக்கவும் இயந்திரத்துக்கு மனிதர் கற்பித்துவிட்டார்கள். கற்பித்தவர்களாகிய நாம் அதனைக் கைக்கொள்ளாமல் இருப்பது அழகாகுமா?